வானை விற்று மாப்பிள்ளை எடுத்த கதை

நெடுந்தீவில் பிறந்தது தவராசா செய்த குற்றம் அல்ல. தாயும் தகப்பனும் அங்கே இருந்தபடியால் அவரும் அங்கே பிறக்க வேண்டியதாயிற்று. அந்தத் தீவில் காற்றும் உப்பும் ஆளில்லாமல் திரிகிற கட்டாக்காலிக் குதிரைகளும் உண்டு. ஒன்பது வயதில் ஒரு குதிரை துரத்த, அவர் ஒரு கல்வேலியில் ஏறி நின்று அழுதார். குதிரை வேலியைத் தாண்டவில்லை. கொஞ்சநேரம் அவரைப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் வேறுபக்கம் நடந்தது. அடுத்த மாசமே குடும்பம் தீவைவிட்டுக் கிளம்பிவிட்டது. தவராசாவுக்கும் குதிரைக் குலத்துக்கும் இடையில் நடந்த மொத்த விவகாரமும் இவ்வளவுதான்.

ஐம்பது வருஷம் கழித்து, ஆக்லாந்தில், இந்த ஒரு தகுதியை வைத்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

போர்த்தியது மேற்கு ஆக்லாந்துத் தமிழர் உயர்வுப் பேரவை. பேரவை என்றால் சும்மா இல்லை. தலைவர், இணைத்தலைவர், உபதலைவர்கள், செயலாளர், போசகர், பெரும்போசகர் என்று ஹென்டர்சன் வட்டாரத்தில் மூச்சுவிடுகிற தமிழர் அநேகருக்கு அதில் ஒரு பதவி இருந்தது. மிஞ்சியவர்கள் கதிரை அடுக்கினார்கள். கூட்டம் மங்கல விளக்கேற்றலோடு தொடங்கும். ஒருமுறை விளக்குப் புகைக்கு மண்டபத்து அலாரம் அடித்து, தீயணைப்பு வண்டி வந்து, பின்னாலேயே பில்லும் வந்தபிறகு, பற்றரியில் எரிகிற குத்துவிளக்கு ஒன்று வாங்கினார்கள். அதற்கு ஒரே ஒரு சுவிட்ச். ஏற்ற வேண்டிய பிரமுகர்களோ ஒரு வரிசை. ஆகவே ஒவ்வொருவரும் வந்து சுவிட்சைத் தட்டி ஏற்றி, கைகூப்பி, அடுத்தவருக்கு வசதியாக அணைத்துவிட்டுப் போவார்கள். இதற்கு யாரும் சிரித்துத் தவராசா பார்த்ததில்லை.

இந்தப் பேரவை தன் ஆயுளில் ஒரேயொரு உருப்படியான காரியம் செய்திருந்தது. ஊரெல்லாம் காசு சேர்த்து ஒரு பழைய வெள்ளை வான் வாங்கி, சிறுநீரகம் பழுதான ஐந்து பேரைக் கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. வானை ஓட்டியவர் பால் கோவிந்த் என்ற பிஜிக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பேரவையில் அவருக்குப் பதவி கிடையாது, அதனால் வேலை செய்தார். அந்த ஐந்து பேரில் ஒருத்தி தவராசாவின் மனைவி அன்னபாக்கியம். தவராசா விரி என்ற இடத்துத் தொழிற்பேட்டையில் ஒரு களஞ்சியத்துக்கு விடியமுன்னமே வேலைக்குப் போகிறவர். பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரி வண்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். வாசலில் வந்து வான் ஹோர்ன் அடித்தால் அன்னபாக்கியம் மெஷினுக்குப் போவாள். போகாவிட்டால் அவள் உடம்பில் நீர் ஏறும், பிறகு மூச்சு முட்டும். விஷயம் அவ்வளவு நேரானது.

அன்றைய விசேட பொதுக்கூட்டத்தில் தலைவர் வரதராஜன் எழுந்தார். மவுண்ட் வெல்லிங்டனில் கணக்காளர் அலுவலகம் வைத்திருப்பவர். மேடை ஏறினால் அவருக்குச் செந்தமிழ் வந்துவிடும்.

"அன்பார்ந்த உறவுகளே! ஒரு வானால் எத்தனை பேரைச் சுமக்க முடியும்? ஐந்து பேரை. ஒரு குதிரையால்? ஓர் இனத்தையே சுமக்க முடியும்!"

கைதட்டல் எழுந்தது. வானில் போகிற ஐந்து பேரில் இரண்டு பேரும் சேர்ந்து தட்டினார்கள்.

சங்கதி இதுதான். தலைவரிடம் கணக்கு எழுதிய ஒரு குதிரைப் பயிற்சிக்காரர் நொடித்துப்போய், கூலிக்குப் பதிலாக ஒரு பெட்டைக் குதிரையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு காலத்தில் வேலிகளையும் பற்றைகளையும் தாண்டி ஓடும் பந்தயங்களில் ஓடிய குதிரை. தலைவர் அதைப் பேரவைக்கு அன்பளிப்புச் செய்தார். தீனிச் செலவையும் கூடவே அன்பளிப்புச் செய்தார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். குதிரைதானே, பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தப் பெட்டையை ஒரு பெரிய இடத்துப் பொலிக்குதிரையோடு சேர்க்க வேண்டும் என்பது தலைவரின் திட்டம். பொலிக்குதிரையின் பெயர் நோபிள் எக்ஸ்பென்ஸ். தலைவர் அதை அழகு தமிழில் 'உன்னதச் செலவு' என்றார். சேரவிடுவதற்குப் பண்ணைக்காரர் கேட்கும் ஸ்டட் ஃபீ, வானை விற்று வருகிற காசும் அதன்மேல் பேரவையின் சேமிப்பும். பிறக்கும் குட்டி வேலி தாண்டி வெற்றிமேல் வெற்றி பெறும். பிறகு அதுவே பொலிக்குதிரையாகும். ஊர் உலகமெல்லாம் தங்கள் பெட்டைகளைப் பிடித்துக்கொண்டு பேரவையின் வாசலில் ஸ்டட் ஃபீயோடு நிற்கும்.

"அன்றைக்கு ஒரு வான் அல்ல, மூன்று வான் வாங்குவோம்!" என்றார் தலைவர்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "உந்தக் காசு பெறுமதியோ தலைவர்? ஆக்லாந்தில இப்ப வேலி பாயிற ஓட்டமே வைக்கிறேல்லையே."

"அருமையான கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. நம்மிடையே ஒரு நிபுணர் இருக்கிறார். நெடுந்தீவின் மைந்தர், குதிரைகளோடு வளர்ந்தவர், தவராசா அண்ணன் மேடைக்கு வரவும்!"

தவராசா திரும்பிப் பின்னால் பார்த்தார். வேறு தவராசா இல்லை. மேடைக்குத் தள்ளிவிட்டார்கள், தோளில் பொன்னாடை விழுந்தது, செயலாளர் யசீகரன் லாப்டொப்பும் கையுமாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சொல்லுங்கோ அண்ணை. நெடுந்தீவுக் குதிரையள் வேலி பாயுமோ?"

"பாய்ஞ்சதை நான் காணேல்லைத் தம்பி..." தவராசா சனத்தைப் பார்த்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் அப்படி யாரும் அவரைப் பார்த்ததில்லை. "ஆனா, குதிரை நல்ல பிராணிதான்."

'நிபுணர் ஆதரவு அறிக்கை சமர்ப்பித்தார்' என்று யசீகரன் தட்டினார். குதிரைக்குக் குர்ரம் என்றால் ஆனைக்கு அர்ரம் என்கிற கூட்டம் அது. அதற்கு அந்த அறிக்கை தாராளம். வாக்கெடுப்பில் எல்லாக் கையும் உயர்ந்தது. பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு கையை மடியில் வைத்திருப்பது மரியாதை இல்லையென்று தவராசாவும் தூக்கினார்.

வீட்டில் அன்னபாக்கியம் கதவைத் திறந்ததும் தோளைத்தான் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"பொன்னாடை. குதிரை நிபுணருக்காம்."

"ஆர் அது?"

"நான்தான்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வான் என்ன மாதிரி? புது டயர் போடுறதெண்டு பால் கோவிந்த் சொன்னவர்," என்று கேட்டாள். தவராசா விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவளுடைய முகம் இறுகியது.

"மனிசர் ஏறுற வானை வித்துக் குதிரைக்கு மாப்பிள்ளை எடுக்கிறியள். நீங்களும் கை தூக்கினீங்களோ?"

"ஓம்."

அவர் தோளிலிருந்த பொன்னாடையை உருவித் தடவிப் பார்த்தாள். "தாங்கோ. மெஷினில கிடக்கேக்க குளிர் கொல்லுது. இதாவது உதவட்டும்."

வான் போனது. ஐவரில் ஒருவர் மகன் வீட்டுக்கு மாறிப் போனார். பிம்லா என்ற பிஜிப் பெண்மணி இரண்டு பஸ் மாறிப் போனாள். தவராசா களஞ்சியத்தில் கெஞ்சி இரவு ஷிஃப்டுக்கு மாறினார். வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்து அன்னபாக்கியத்தை ஏற்றிக்கொண்டு போய், அவள் மெஷினில் கிடக்கும்போது கார் தரிப்பிடத்தில் தலையைச் சாய்த்து, மறுபடி அவளை ஏற்றிக்கொண்டு வருவார். மூன்று வான் வரும்வரைக்கும்தானே என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டார்கள். நம்பிச் சொன்னார்களா என்று கேட்கக் கூடாது. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவனாவது ஒரு குதிரையைக் கண்ணால் கண்டான்.

பெட்டைக்கு வெற்றிச்செல்வி என்று பெயர் மாற்றினார்கள். காசு கட்டமுன் பொருத்தம் பார்க்க வேண்டும் அல்லவா? இரண்டு குதிரைகளும் பிறந்த திகதியும் நேரமும் கேட்டு யசீகரன் பண்ணைக்காரர் கிரெய்க்குக்கு ஈமெயில் போட்டார். இரத்தப் பரிசோதனை கேட்பார்கள், வைத்திய அறிக்கை கேட்பார்கள், நேரம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்று அவர் பதில் எழுதினார். ஆனாலும் தேடிக் கொடுத்தார். ஐயர் சாதகங்களைக் கணித்தார். நிபுணர் என்ற முறையில் தவராசாவும் பக்கத்தில் இருக்க வேண்டியதாயிற்று.

"மாப்பிள்ளை அசுவினி. யோனிப் பொருத்தத்தில ஆண் குதிரை. அது சரி," என்றார் ஐயர்.

"பொம்பிளை?" என்றார் தலைவர்.

"பொம்பிளை அத்தம். பெண் எருமை."

தலைவர் போனில் வெற்றிச்செல்வியின் படத்தைத் திறந்து பார்த்தார்.

"குதிரை தானே ஐயா?" என்று தவராசா மெல்லக் கேட்டார்.

"பார்வைக்குக் குதிரை. சாதகத்தில எருமை. குதிரைக்கும் எருமைக்கும் சென்மப் பகை. சேர்த்து வைச்சியளெண்டா நான் பொறுப்பில்லை."

பரிகாரம் இல்லாத தோஷம் உலகத்தில் இல்லை. ஆவணி மாசத்தில் ஒரேயொரு முகூர்த்தம் இந்தப் பகையைத் தணிக்கும் என்று ஐயர் குறித்துக் கொடுத்தார். ஆகஸ்ட் கடைசியில் ஒரு புதன்கிழமை காலை. அதை விட்டால் புரட்டாதி பிறந்துவிடும், நல்ல காரியம் ஆகாது.

கிளீவ்டன் பக்கத்தில் இருந்த பண்ணைக்கு நேரில் போனார்கள். கிரெய்க் முகூர்த்தத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னார்: "செப்டெம்பர் முதலாம் திகதிக்கு முன் நாங்கள் சேரவிடுவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. குட்டி வயிற்றில் இருப்பது பதினொரு மாசம். கணக்குப் பார்த்தால்..."

"மிஸ்டர் கிரெய்க்," என்று தலைவர் மறித்தார், "எங்கள் பஞ்சாங்கம் உங்கள் கலண்டரைவிட ஐயாயிரம் வருஷம் பழையது."

கிரெய்க் அவரைப் பார்த்தார். பிறகு தன் முகத்தை மாற்றிக்கொண்டார். "காசு கட்டுகிறவர்களின் நம்பிக்கைகளை இந்தப் பண்ணை எப்போதும் மதித்து வந்திருக்கிறது. மேலதிகக் கட்டணம் உண்டு."

தவராசாவுக்கு ஒரு சந்தேகம். "இந்த மாப்பிள்ளைக் குதிரை எத்தினை வேலி தாண்டியிருக்கு எண்டு கேளுங்கோ தம்பி," என்று யசீகரனிடம் சொன்னார்.

"ஒன்றுமில்லை," என்றார் கிரெய்க் பெருமையாக. "அவன் சமதரையில் ஓடியவன். இவனுடைய பிள்ளைகள் வேலி தாண்டுவார்களா என்று தெரிய இன்னும் பத்து வருஷமாவது போக வேண்டும். அதற்குள் இவன் செத்துவிடுவான். அதனால்தான் நாங்கள் காசை இப்போதே வாங்கிவிடுகிறோம். குட்டி உயிரோடு பிறந்து, எழுந்து நின்று, பால் குடித்தால் எங்கள் பொறுப்பு முடிந்தது."

"எவ்வளவு நேர்மையான மனிதர்!" என்றார் தலைவர் காரில் திரும்பும்போது.

அந்த நாட்டில் ஆகஸ்ட் மாரிகாலம், மாரியில் பெட்டைக் குதிரைக்கு ஆசை வராதாம். ஆகவே லாயத்தில் மின்விளக்குகளை எரியவிட்டு, கோடை வந்துவிட்டதென்று வெற்றிச்செல்வியை ஏமாற்றினார்கள். மின்சார பில் பேரவைக்கு.

முகூர்த்த நாள் வந்தது. அன்னபாக்கியத்துக்கு அது மெஷின் நாள். தவராசா தயங்கித் தயங்கி வாசலில் நின்றார்.

"போங்கோ, நிபுணரில்லாமக் குதிரை வெட்கப்படும்," என்றாள் அவள். "ஒருநாள் விட்டாச் சாகமாட்டன்."

அவர் போனார். தலைவர் வேட்டிக்குக் கீழே கம்பூட்ஸ் போட்டிருந்தார். சேற்றில் மேசை போட்டு, பற்றரிக் குத்துவிளக்கை வைத்து, பிரமுகர்கள் ஒவ்வொருவராக ஏற்றி அணைத்தார்கள். யசீகரனின் போனில் நாதஸ்வரம் வாசித்தது. உன்னதச் செலவுக்குப் பொன்னாடை போர்த்த, அது கழுத்தைத் திருப்பி அந்தப் பட்டைக் கடித்து உதறிச் சேற்றில் போட்டது. மாப்பிள்ளை அவசரத்தில் காலால் நிலத்தைக் கிளறுகிறது, இரண்டு ஆட்கள் கயிற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள், தலைவர் தாளை விரித்துக்கொண்டு உரையைத் தொடங்கினார்.

"இன்று இங்கே கூடுவது இரண்டு குதிரைகள் அல்ல! இரண்டு கண்டங்கள்! இரண்டு நாகரிகங்கள்!"

உரையில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் மற்றக் காரியம் முடிந்துவிட்டது. தவராசா வேலிக்கு வெளியே, தேவையென்றால் ஏறுவதற்கு வசதியாக, ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'நிபுணர் தூரத்திலிருந்து அவதானித்தார்' என்று அறிக்கையில் வந்தது. அவர் வீடு திரும்பியபோது அன்னபாக்கியத்தின் கண்மடலும் காலும் வீங்கியிருந்தன. செருப்பு நுழையவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவருக்குப் பேரவையின்மேல் கோபம் வந்தது. ஆனால் அவருக்குக் கோபம் வந்தால் வயிறு எரியுமே தவிர வாய் திறக்காது.

வெற்றிச்செல்வி கர்ப்பமானாள். மகளிர் அணி வளைகாப்பு நடத்தியது. குளம்பில் வளையல் ஏறாததால் வாலில் கோத்துக் கட்டினார்கள். படம் ஆண்டு மலரின் அட்டையில் வந்தது. இதற்கிடையில் இரவு வேலையும் பகல் ஓட்டமுமாகத் தவராசாவுக்கு நித்திரை என்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மோட்டர்வேயில் கண் ஒரு கணம் மூடியது. அன்னபாக்கியம் கத்தினாள். கார் தடுப்பில் உரசி, சுழன்று, எதிர்ப்பக்கம் பார்த்தபடி நின்றது. இருவருக்கும் காயம் இல்லை. கார் பழைய இரும்புக் கடைக்குப் போனது. இன்னொன்று வாங்க வழியில்லை.

வேறு போக்கிடம் இல்லாமல் அவர் தலைவரின் அலுவலகத்துக்குப் போனார்.

"ஐயா, ஒரு வான்... பழசெண்டாலும்..."

"அண்ணன், பேரவை உங்களைக் கைவிடாது," என்றார் தலைவர். அலுவலகத்திலும் அவருக்கு மேடைத் தமிழ்தான். "நேற்றுத்தான் வாகனம் ஒன்று வாங்கினோம். குதிரை ட்ரக். வெற்றிச்செல்வியை வைத்தியரிடம் கொண்டுபோக. வைத்தியரின் இடம் ஆஸ்பத்திரிப் பக்கம்தான். பின்னால் குதிரைக்காரன் இருப்பதற்கென்று ஒரு சின்ன இருக்கை இருக்கிறது. நிபுணரின் துணைவியார் என்ற முறையில் அக்காவுக்கு அதில் இடம் உண்டு. குதிரைக்கு இடைஞ்சல் இல்லாத நாட்களில்."

ஆஸ்பத்திரி வண்டி வரிசையில் அவளுடைய பெயர் இன்னும் மேலே வரவில்லை. அப்படியாக அன்னபாக்கியம் வைக்கோல் மணத்தோடு டயாலிசிஸுக்குப் போனாள். குதிரையின் வைத்தியம் முதலில், அவளுடையது பிறகு. பிந்திப் போனால் மெஷினில் கிடக்கும் நேரம் குறையும், ஏனென்றால் அடுத்த நோயாளி வாசலில் நிற்பார். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பதை இதுவரை ஒரு பழமொழி என்றுதான் தவராசா நினைத்திருந்தார்.

ஜூலை முப்பத்தோராம் திகதி விடியற்காலையில் குட்டி பிறந்தது. ஆண் குட்டி. எழுந்து நின்றது, பால் குடித்தது, கிரெய்க்கின் பொறுப்பு முடிந்தது. அடுத்த நாள் பேரவை முழுவதும் மழையில் பண்ணைக்குப் போனது. கிரெய்க் கைகொடுத்து, "ஹாப்பி பேர்த்டே," என்றார்.

"நேற்றுத்தானே பிறந்தது?" என்றார் யசீகரன்.

"அதைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தேன். பந்தயச் சட்டப்படி இந்த நாட்டுக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஆகஸ்ட் முதலாம் திகதிதான் பிறந்தநாள். எப்போது பிறந்தாலும் அன்றைக்கு ஒரு வயது கூடும். உங்கள் குட்டிக்கு இன்றைக்கு ஒரு வயது."

எல்லாரும் குட்டியைப் பார்த்தார்கள். ஒரு வயதுக் குட்டி கால் நடுங்கத் தாயின் வயிற்றுக்குக் கீழே மடியைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பிந்திப் பிறந்திருந்தால் அதற்கு இந்த விதி இல்லை. தன்னைவிட ஒரு வருஷம் மூத்த குதிரைகளோடு அது இனி ஒரே வயதென்று ஓட வேண்டும்.

தவராசா தலைவரின் முகத்தைப் பார்த்தார். இப்போதாவது அந்த வாய் அடைபடும் என்று ஆவலோடு பார்த்தார். தலைவர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினார்.

"உறவுகளே! மற்றவர்களின் குட்டிகள் ஒரு வயதை அடைய ஒரு வருஷம் எடுத்தன. நம் குட்டி ஒரே இரவில் அடைந்துவிட்டது! இதுதான் முகூர்த்தத்தின் மகிமை!"

கைதட்டினார்கள். கடைக்கு ஆள் அனுப்பிக் கேக் எடுப்பித்து, மேலே ஒரு மெழுகுதிரியும் வைத்தார்கள். மழை அதை அணைத்தது.

வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் இரண்டு விஷயங்கள் எடுக்கப்பட்டன. முதலாவது, குட்டியைப் பழக்கக் கேட்டிருந்த வேறொரு பயிற்சிக்காரர் சொல்லி அனுப்பியது: வேலி தாண்டப்போகிற ஆண் குதிரையைக் காயடிப்பதுதான் வழக்கம், இல்லாவிட்டால் அதன் கவனம் வேலியில் இருக்காது. யசீகரன் குரலைத் தாழ்த்தி இதை வாசித்தார்.

"அப்ப ஸ்டட் ஃபீ?" என்று பின்வரிசைக்காரர் கேட்டார். "காயடிச்சாப் பிறகு ஆர் காசு தருவான்?"

மண்டபம் சலசலத்தது. காயடித்தால் பந்தயம் உண்டு, பரம்பரை இல்லை. அடிக்காவிட்டால் பரம்பரை உண்டு, வென்றதென்று சொல்ல ஒரு பந்தயமும் இல்லை. இந்தச் சின்ன விஷயம் வானை விற்கமுன் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தீர்மானத்தை ஒரு உபகுழுவுக்கு அனுப்பினார்கள். குட்டியின் கருத்தைக் கேட்க வழியில்லை.

இரண்டாவது, கட்டிய ஸ்டட் ஃபீ பெறுமதியானதா என்று ஆராய்ந்த குழுவின் அறிக்கை. குழுவில் இருந்தவர் தலைவர். அவரே வாசித்தார்.

"பெறுமதி இல்லை என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ஒரு குட்டியை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது விஞ்ஞானம் ஆகாது. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது குட்டி அவசியம். ஆகவே சொந்த மண்டபம் கட்டவென்று ஒதுக்கிய நிதியை எடுத்து, வரும் ஆவணியிலும் உன்னதச் செலவையே நாடுவது என்று குழு பரிந்துரைக்கிறது. நிபுணர் தன் கருத்தைச் சொல்வார்."

தவராசா எழுந்தார். இந்த முறை ஒருவரும் தள்ளிவிட வேண்டியிருக்கவில்லை. அன்று காலை ட்ரக்கின் சாய்வுப் பலகையில், குதிரைக்கென்று போட்ட பலகையில், அன்னபாக்கியம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியதும், ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் பார்த்ததும் அவர் கண்ணிலேயே நின்றது.

"எனக்குக் குதிரையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது," என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "நான் நெடுந்தீவில குதிரைக்குப் பயந்து வேலியில ஏறி நிண்டு அழுதவன். அது வேலி தாண்டினதையும் நான் காணேல்லை. அண்டைக்கு நீங்கள் கேக்கேக்க வாயில வந்ததைச் சொன்னன். அது என்ர பிழை. நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்ர மனிசியின்ர வானைத் திண்டிட்டியள்..."

ஒரு கணம், ஒரேயொரு கணம், ஏதோ நடக்கப்போகிறது என்று தோன்றியது.

தலைவர் கண் கலங்க எழுந்தார்.

"கேட்டீர்களா உறவுகளே! 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்கிறார்! நிறைகுடம் தளும்பாது! அறியாதவன் அறிந்தேன் என்பான், உண்மையான நிபுணன் அறியேன் என்பான்! இப்படி ஒரு அடக்கத்தை இந்த மண்டபம் கண்டதுண்டா?"

கைதட்டல் கூரையைப் பிடித்தது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். "வான்... வான்..." என்று தவராசா இரண்டு தடவை சொன்னது முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. தோளில் இரண்டாவது பொன்னாடை விழுந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவருடைய கை கீழேதான் இருந்தது. அதை யாரும் எண்ணவில்லை.

அடுத்த மெஷின் நாளில் ட்ரக் முதலில் குட்டியின் குளம்பு பார்க்கப் போனது. அன்னபாக்கியம் மெஷினில் ஏறியபோது பாதி நேரம் போய்விட்டிருந்தது. முதல் பொன்னாடையை நெஞ்சுவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தாள். அதன் சரிகை கழுத்தில் உறுத்தி ஒரு சிவந்த கோடு போட்டிருந்தது. மெஷின் அவளுடைய இரத்தத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னவாம் முடிவு?" என்று கேட்டாள்.

"இன்னொருக்கா மாப்பிள்ளை எடுக்கினமாம்."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னனான் அன்னம். எல்லாத்தையும் சொன்னனான். எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொன்னனான்."

"பிறகு?"

தவராசா பையைத் திறந்து இரண்டாவது பொன்னாடையை எடுத்தார். அவள் அதைக் கொஞ்சநேரம் பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"காலுக்குப் போடுங்கோ. விறைக்குது."

அவர் வீங்கிய பாதங்களைச் சுற்றி அதைப் போர்த்தி, ஓரங்களை உள்ளே செருகிவிட்டார். அவள் கண்ணை மூடினாள். நித்திரையாகிவிட்டாள் என்று நினைத்து அவர் கதிரையை இழுக்கும்போது மறுபடி கண்ணைத் திறந்தாள்.

"இஞ்சேருங்கோ. இனி உந்தக் கூட்டத்துக்குப் போகாதேங்கோ. மூண்டாவதும் போர்த்தி அனுப்பினவையெண்டா, அதை என்ர முகத்துக்குத்தான் போடவேணும்."